கல் மனசுக்கு ஸ்கேன் இருக்கிறதா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. கோவையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறேன். கல்யாணமாகி 19 வருடம். போன ஆவணியில் மாமனார் தவறிவிட்டார். ஃப்ரீசர் பெட்டி, பந்தல், மின்மயானத்தில் நேரம் வாங்குவது, காரியத்துக்குச் சமையல் என்று எல்லாவற்றையும் நான்தான் ஓடி ஓடிப் பார்த்தேன். நாலு நாள் சரியான சாப்பாடு இல்லை, ஒரே அசிடிட்டி, மாத்திரை போட்டுக்கொண்டே சமாளித்தேன். ஆனால் அழுகை வரவில்லை. மனைவி பக்கத்தில் போய் உட்காரவும் தோன்றவில்லை. “அப்பா போனதுகூட உங்களுக்கு ஒரு ஆர்டர் மாதிரிதான், முடிச்சுக் குடுத்துட்டீங்க” என்று இன்னும் சொல்கிறார். கல்யாணமான புதிதிலேயே எனக்குக் ‘கல் மனசு’ என்று பெயர் வைத்தவர்தான். போன வாரம் ஒரு செய்தியை அனுப்பினார். மூளையில் இருக்கும் நெட்வொர்க்குகளின் இணைப்பைப் பார்த்தே ஒருவருக்கு எம்பதி, அதாவது அடுத்தவர் உணர்ச்சியைத் தானும் உணரும் பரிவு, எவ்வளவு என்று சொல்லிவிடலாமாம். “போய் ஸ்கேன் எடுத்துப் பாருங்க” என்கிறார். பாதி கிண்டல், பாதி நிஜம். எடுக்கவா டாக்டர்? எனக்கு ஏதாவது வயர் விட்டுப்போயிருக்குமா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: ஸ்கேன் வேண்டாம். ஆனால் உங்கள் மனைவி கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. அந்தச் செய்திக்குப் பின்னால் நிஜமான ஆராய்ச்சி இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

முதலில் அந்த ‘இணைப்பு’ என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். நீங்கள் நினைப்பது போல யாரும் மூளையைத் திறந்து வயர் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் போட்டால் உங்கள் பட்டறையில் ட்யூப்லைட் மங்கும், இல்லையா? அதே நேரத்தில் எதிர்ப்பட்டறையிலும் மங்கினால் என்ன சொல்வீர்கள்? மூன்றும் ஒரே லைனில் இருக்கின்றன என்பீர்கள். எந்தக் கம்பத்திலிருந்து எந்த வயர் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. சேர்ந்து மங்குகிறது, சேர்ந்து பிரகாசமாகிறது, அது போதும். ஆராய்ச்சிக்காரர்கள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஒருவரைப் படுக்கவைத்து, ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்கிறார்கள். மூளையின் ஒவ்வொரு இடத்திலும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மெதுவாக ஏறி இறங்கும். ஒரு முறை ஏறி இறங்கப் பத்து வினாடிக்கு மேல்கூட ஆகும். எந்தெந்த இடங்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றனவோ, அவை ‘இணைந்திருக்கின்றன’ என்று கணக்கு.

இதை முதலில் காட்டியவர் பரத் பிஸ்வால். 1995ல், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது. விரலை அசைக்கும்போது வேலை செய்யும் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு விரலை அசைக்காமல் சும்மா படுத்திருக்கும்போதும் பார்த்தார். இடது பக்கத்துக் கைப்பகுதியும் வலது பக்கத்துக் கைப்பகுதியும் சேர்ந்தே ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வெறும் இரைச்சல் என்று மற்றவர்கள் கழித்துப்போட்டதை இவர் எடுத்துப் பார்த்தார் என்று சொல்லலாம். இப்படிச் சேர்ந்து ஏறி இறங்கும் இடங்களின் கூட்டத்தைத்தான் நெட்வொர்க் என்கிறார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த நெட்வொர்க் பேச்சு முழுவதும்.

உங்கள் விஷயத்துக்கு அதில் இரண்டு நெட்வொர்க் முக்கியம். ஒன்றுக்கு டீஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று பெயர். 2001ல் மார்கஸ் ரெய்க்லி குழுவினர் வைத்தது. சும்மா இருக்கும்போது பழசை அசைபோடுகிறோமே, ‘அவன் ஏன் அப்படிச் சொன்னான், மனசுக்குள் என்ன நினைத்திருப்பான்’ என்று யோசிக்கிறோமே, அந்த மாதிரி நேரத்தில் சுறுசுறுப்பாக இருப்பது இது. அடுத்தது சேலியன்ஸ் நெட்வொர்க். வில்லியம் சீலி 2007ல் எழுதிய பிறகு இந்தப் பெயர் பரவியது. ‘இந்த நொடியில் எது முக்கியம்’ என்று மணி அடிப்பது இதன் வேலை. இதன் தலைமையகம் இன்சுலா என்ற பகுதியின் முன்பாதி. காதுக்கு மேலே, மூளையின் ஒரு மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது.

இன்சுலாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நெஞ்சு எப்படித் துடிக்கிறது, மூச்சு எப்படி இருக்கிறது, வயிறு என்ன சொல்கிறது என்று உடம்பின் உள்விவகாரத்தையெல்லாம் கணக்கெடுப்பது இந்தப் பகுதிதான். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்க்கும்போதும் இதுவேதான் எழுந்துகொள்கிறது. அடுத்தவருக்கு ஒன்று என்றால் நாம் ‘வயிற்றைப் பிசையுது’ என்கிறோம், ‘பெத்த வயிறு பதறுது’ என்கிறோம். எனக்கு மருத்துவக் கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. பாட்டி சொல்லிக் கேட்டதுதான், பின்னாளில் படத்தில் பார்த்தபோது ‘அட’ என்றிருந்தது.

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பார்கள். அதையே சோதித்துப் பார்த்தது போல ஒரு ஆய்வு உண்டு. 2004ல் லண்டனில் டானியா சிங்கர் என்பவர் 16 ஜோடிகளை வைத்துச் செய்தது. பெண் ஸ்கேனருக்குள், அவள் துணைவன் பக்கத்தில். இரண்டு பேர் கையும் ஒரு கண்ணாடி வழியாக அவளுக்குத் தெரியும். யாருக்கு ஷாக் வரப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு குறி காட்டுவார்கள். அவள் கையில் ஷாக் அடித்தபோது, வலி எங்கே, எவ்வளவு என்று சொல்லும் பகுதியும் எழுந்தது, இன்சுலாவின் முன்பகுதியும் எழுந்தது. அவன் கையில் அடித்தபோது முதல் பகுதி அப்படி எழவில்லை. இன்சுலா மட்டும் எழுந்தது, அதோடு அதன் கூட்டாளியான முன் சிங்குலேட் என்ற பகுதியும். ஆக, பழமொழி பாதி சரி. சுருக்கென்று குத்துவது தனக்கு வந்தால்தான் தெரியும். ‘ஐயோ’ என்று பதறுவது அடுத்தவருக்கு வந்தாலும் தெரியும். (ஆண்களை ஏன் உள்ளே படுக்கவைக்கவில்லை என்று உங்கள் மனைவி கேட்பார். நல்ல கேள்வி.)

சரி, உங்கள் செய்திக்கு வருவோம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸில் 2020ல் வெளியான ஒரு ஆய்வு ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. சும்மா படுத்திருந்தவர்களின் மூளை இணைப்பைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, யாருக்குப் பரிவு எவ்வளவு என்று ஓரளவு கணிக்க முடிந்தது என்றார்கள். பங்கேற்றவர்கள் 58 பேர். அவர்களுடைய பரிவை எப்படி அளந்தார்கள் தெரியுமா? ஒரு கேள்வித்தாள். மார்க் டேவிஸ் என்ற உளவியலாளர் 1980களில் உருவாக்கியது, 28 வாக்கியங்கள். ‘என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வரும்’ என்கிற மாதிரி இருக்கும். எனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று நானே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் மார்க் போடுவது நீங்கள் இல்லையே! அந்தத் தாளில் நீங்கள் போட்டுக்கொள்ளும் மார்க்கும் உங்களுக்கு அவர் போடும் மார்க்கும் ஒன்றாக இருக்கப்போவதில்லை.

இன்னொரு சங்கடம் எண்ணிக்கை. 2022ல், சுமார் 50,000 பேருடைய ஸ்கேன்களை வைத்து ஒரு பெரிய கணக்குப் போட்டார்கள். மூளைப் படத்தையும் ஒருவர் குணத்தையும் பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் நம்பும்படி இருக்க வேண்டுமானால், ஆயிரக்கணக்கானவர்கள் தேவை என்று முடிவு வந்தது. அதற்காக 58 பேர் ஆய்வு பொய் என்று அர்த்தமில்லை. கும்பலில் ஒரு போக்கு தெரிகிறது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கோவையில் ஒரே ஒரு ஆளைப் படுக்கவைத்து ‘இவருக்கு எம்பதி 40 சதவீதம்’ என்று எழுதித் தர யாராலும் முடியாது. யாராவது தந்தால் ரசீதோடு திரும்பி வந்துவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு மீன் கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2009ல் கிரெய்க் பென்னட் என்ற ஆய்வாளர் ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்தார். மீன் ஏற்கெனவே செத்தது. அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, ‘இவர் இப்போது என்ன உணர்கிறார்’ என்று சொல்லச் சொன்னார்கள். அதாவது செத்த மீனுக்கு எம்பதி பரீட்சை! கணக்கைக் கவனமில்லாமல் போட்டபோது, மீன் மூளையில் ஒரு புள்ளிக்கூட்டம் ஒளிர்ந்தது. சரியான திருத்தத்தோடு போட்டதும் அணைந்துவிட்டது. ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்தால் தற்செயலாகச் சில எரியத்தான் செய்யும் என்று காட்டுவதற்காகவே செய்தது. 2012ல் இதற்கு இக் நோபல் கிடைத்தது, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு அது. கலர் கலரான மூளைப் படத்தைப் பார்த்து யாராவது அசந்துபோனால் நான் இந்த மீனைத்தான் எடுத்துப் போடுவேன்.

நீங்கள் ஸ்கேன் சென்டருக்குப் போனால் எடுக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ. வேறு விஷயம். அது கட்டி, பக்கவாதம், சுருக்கம் இதையெல்லாம் காட்டும். இணைப்பைக் காட்டாது. ‘இயல்பு’ என்று ரிப்போர்ட் வரும், அதைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டுவீர்கள், அப்புறம் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இணைப்பு நிஜமாகவே கெட்டுப்போவதையும் நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா தன் கணவரைக் கூட்டிவந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) கணவருக்கு 58 வயது. அந்த அம்மா முறுக்குச் சுடும்போது கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டிவிட்டது. இவர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். அலறலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து, “முறுக்கு கருகுது பாரு” என்று சொல்லிவிட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது இதுதான்: “இவரு இப்படிப்பட்ட ஆளே இல்லைங்க டாக்டர். எனக்கு ஜுரம்னா ராத்திரி முழுக்க முழிச்சிருப்பாரு.” இரண்டு வருடமாகத்தான் மாற்றம். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூனால் அள்ளித் தின்கிறார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்த லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஸ்கேனில் முன்மூளையும் வலது பக்கப் பொட்டு மூளையும் சுருங்கியிருந்தன. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா, அதாவது இந்த இரண்டு பகுதிகளும் மெல்ல மெல்லச் சிதைந்து குணமே மாறிப்போகும் நோய். 45 வயதிலிருந்து 65 வயதுக்குள் ஆரம்பிப்பதுதான் அதிகம். பிராக் நகரத்து மருத்துவர் ஆர்னால்ட் பிக் 1892லேயே இந்த வகை நோயைப் பற்றி எழுதிவிட்டார். இதில் முதலில் அடிவாங்குவது சேலியன்ஸ் நெட்வொர்க் என்று 2010 வாக்கில் தெளிவாகியது. அல்சைமர் நோயில் நேர்மாறு. அங்கே டீஃபால்ட் மோட் நெட்வொர்க் தளரும், மகளின் பெயர் மறந்துபோகும். ஆனால் மகள் அழுதால் கூடவே கண் கலங்கும்.

அதனால்தான் இந்த மாதிரிக் கடிதம் வந்தால் நான் முதலில் தேடுவது ஒரே விஷயம்: எப்போதிலிருந்து? ‘எப்போதும் இப்படித்தான்’ என்றால் அது சுபாவம். ‘ரெண்டு வருஷமாத்தான் ஆள் மாறிட்டாரு’ என்றால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும், அப்போது ஸ்கேனும் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது, கல்யாணமான புதிதிலேயே ‘கல் மனசு’. அதோடு பட்டறையை நடத்துகிறீர்கள், சாவு வீட்டில் மின்மயானத்திலிருந்து சமையல் வரை ஒன்றையும் தவறவிடவில்லை. அந்த நோய் வந்தவரால் இது முடியாது. ஆனாலும் இந்தக் கேள்வியை மனைவியிடம் கேளுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் பதிலைவிட அவர் பதிலைத்தான் நான் நம்புவேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொரு வரி. ‘நாலு நாள் சரியான சாப்பாடு இல்லை, ஒரே அசிடிட்டி.’ போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். மாமனார் இறந்த நாலு நாளும் வயிறு எரிந்திருக்கிறது. வருத்தம் வந்திருக்கிறது, வயிற்றில் வந்திருக்கிறது, நீங்கள் அதற்கு மாத்திரை போட்டுவிட்டீர்கள். சாப்பிடாததால் வந்த எரிச்சலாகவும் இருக்கலாம், ஒரு கடிதத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். (46 வயதில் நெஞ்செரிச்சல் அடிக்கடி வந்தால் மனசுக்கு முன்னால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். எடுக்கவேண்டிய டெஸ்ட் உங்களுக்கு அதுதான்.) ஆனால் உடம்பில் நடப்பது உணர்ச்சிதான் என்று அடையாளம் தெரியாமல் இருப்பவர்கள் நிறைய உண்டு. அதற்கு அலெக்சிதைமியா என்று பெயர். அது நோய் இல்லை, ஒரு குணவாகு. ‘என்ன பண்ணுது’ என்று கேட்டால் ‘தலை பாரமா இருக்கு’ என்பார்கள், ‘வருத்தமா இருக்கு’ என்று வராது. 2010ல் வந்த ஒரு ஆய்வில், அடுத்தவர் வலியைப் பார்க்கும்போது இன்சுலா எவ்வளவு எழுகிறது என்பது இந்தக் குணவாகைப் பொறுத்துத்தான் மாறியது. ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறவில்லை. தன் உணர்ச்சியைப் படிக்கத் தெரியாதவருக்கு அடுத்தவர் உணர்ச்சியும் மங்கலாகவே தெரிகிறது.

இது மாறுமா என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் 2013ல் ஒரு ஆய்வு வந்தது, சைக்கோபாத் என்று முத்திரை குத்தப்பட்ட 18 குற்றவாளிகளை வைத்து. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒரு கை இன்னொரு கையை அடிக்கிற, தடவிக்கொடுக்கிற வீடியோக்களை அவர்களுக்குக் காட்டினார்கள். சும்மா பார்க்கச் சொன்னபோது அவர்கள் மூளை மந்தமாகத்தான் இருந்தது. ‘அந்த ஆளோடு சேர்ந்து உணர்ந்து பாருங்கள்’ என்று சொன்னதும் அந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிட்டது. அவர்களிடமே அந்தத் திறமை இருந்தது, தானாக ஸ்விட்ச் போடவில்லை. போடச் சொன்னால் போட்டது. அப்படியானால் உங்களைப் போல மாமனாருக்காக நாலு நாள் ஓடியவரிடம் இல்லாமல் போகுமா?

ஆகவே, மனைவியிடம் ஏதோ மாற்றம் தெரியும்போது ஒரு நிமிடம் நின்று உங்கள் வயிற்றையும் நெஞ்சையும் கவனியுங்கள். எரிகிறதா, இறுகுகிறதா, பாரமாக இருக்கிறதா? அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘உன்னை இப்படிப் பார்த்தா எனக்கு வயித்த என்னமோ பண்ணுது’ என்றால் போதும். முதலில் நாடகம் மாதிரி இருக்கும். பரவாயில்லை, லேத்தில் முதல் நாள் சக்கில் பீஸ் மாட்டியபோதும் கை தடுமாறித்தான் இருக்கும்.

அம்மா, உங்களுக்கும் ஒன்று. அவர் உங்களோடு சேர்ந்து அழ வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முன்பு சொன்ன அதே டானியா சிங்கரின் குழு பிறகு செய்த பயிற்சிகளில், அடுத்தவர் வலியை அப்படியே தன்மேல் ஏற்றிக்கொள்ளப் பழகியவர்கள் சோர்ந்துபோனார்கள். அதே வலியைப் பார்த்து ‘இவருக்கு நல்லது நடக்கணும்’ என்ற அன்பை வளர்க்கப் பழகியதும் தெம்பானார்கள், மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறாக இருந்தன. அழுகை வராத ஆள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு வராதது அழுகை. உங்களுக்குக் கிடைக்காதது, பக்கத்தில் ஒரு ஆள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

ஆவணியில் முதல் வருடத் திதி வரும். சமையலுக்கு ஆள் பிடிப்பது, வாழையிலை, ஐயருக்குச் சொல்வது எல்லாவற்றையும் மச்சானிடம் விட்டுவிடுங்கள். அவர் சொதப்புவார், சாம்பார் பத்தாமல் போகும், உங்களுக்குக் கை பரபரக்கும். எழுந்திருக்காதீர்கள். மனைவி எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே ஒரு பாயைப் போட்டு, போனை அணைத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் அப்பாவைப் பற்றி ஏதாவது ஒன்று கேளுங்கள். பட்டறைக்கு மாமனார் முதல்முறை வந்தபோது என்ன சொன்னார் என்று உங்களுக்கு ஞாபகம் இருந்தால், அதை நீங்களே ஆரம்பித்து வைக்கலாம்.